மாத்திரைப் பையைத் தொலைத்துவிட்டுக் கொல்கத்தாவில் ஆறு நாள்

டிசம்பர் 12, வெள்ளி: ஷாலிமார்

சென்னையிலிருந்து சுமார் 1,660 கிலோமீட்டர். அக்கா வழியெல்லாம் தூங்கினாள். நான் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆந்திரத்தில் புளியோதரை தீர்ந்தது, ஒடிசாவில் முறுக்கு தீர்ந்தது, வங்காளத்துக்குள் நுழைந்தபோது பேச்சும் தீர்ந்திருந்தது. ஷாலிமார் ரயில் நிலையத்தில் இறங்கியதும் அக்கா மகள் ஓடிவந்து என் பையைப் பிடுங்கிக்கொண்டு, "சித்தி, இளைத்துவிட்டாயே" என்றாள். பொய். ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

இங்கே சமூகப்பணியில் முதுகலை படிக்கிறாள். களப்பயிற்சி என்று தெருத்தெருவாகச் சுற்றுகிறாள் என்பது அக்காவின் புகார். பெண் என்னதான் செய்கிறாள் என்று நேரில் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே இந்தப் பயணம். காளிகாட், தட்சிணேஸ்வரம் எல்லாம் சாக்கு.

இரவு படுக்கப் போகும்போதுதான் தெரிந்தது, என் நீல நிற ஜிப் பையைக் காணவில்லை. தலையணைக்கு அடியில் வைத்தேன். ரயிலில், தலையணைக்கு அடியில். உள்ளே இரத்த அழுத்தத்துக்குப் பத்து நாள் அம்லோடிபைன், சர்க்கரைக்குப் பத்து நாள் மெட்ஃபார்மின், மருத்துவர் எழுதிய சீட்டு. இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும்: தென் மாவட்டம் ஒன்றில், ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். இருபத்தாறு வருடமாக, மாத்திரையைத் தொலைத்துவிட்டேன் என்று வருகிறவர்களைத் திட்டுவது என் வேலையின் ஒரு பகுதி.

அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள்.

டிசம்பர் 13, சனி: மருந்துக் கடை

காலையில் பதினைந்து டிகிரி இருக்கும். நமக்கு ஒரு சால்வை போதும். இங்கேயோ ஊரே குரங்குக் குல்லாவுக்குள் புகுந்துவிட்டது. கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய, கம்பளிக்குள்ளிருந்து வங்காளிகள் அரசியல் பேசுகிறார்கள். தெருமுனையில் கச்சோரி, நான்கு 40 ரூபாய், தொட்டுக்கொள்ளத் தோலோடு வெட்டிய உருளைக்கிழங்குக் குழம்பு. அதில் லேசாக இனிப்பு. அக்காவுக்குப் பிடிக்கவில்லை, என்றாலும் நான்கையும் முடித்தாள்.

முதல் மருந்துக் கடையில் சீட்டு கேட்டார்கள். தொலைந்துவிட்டது என்றேன். சீட்டு இல்லாமல் தர முடியாது என்று அந்தப் பையன் மிகவும் மரியாதையாகச் சொன்னான். நான் அவன் இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், இவ்வளவு மரியாதையாக அல்ல. இரண்டாவது கடையில் நான் பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே மாத்திரைப் பட்டையை எடுத்து வைத்துவிட்டார்கள். எத்தனை மில்லிகிராம் என்றுகூடக் கேட்கவில்லை. முதல் கடையை விட இரண்டாவது கடைமேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. ஒரு வாரத்துக்கான இரண்டு மாத்திரையும் 100 ரூபாய்க்குள் முடிந்தது. கைப்பேசியில் பணம் கட்டினேன். தொலைந்தது தெரிந்ததிலிருந்து கையில் கிடைத்தது வரை பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

வங்காளிகள் தண்ணீரையும் 'சாப்பிடுகிறார்கள்', சிகரெட்டையும் சாப்பிடுகிறார்கள். மாத்திரை மட்டும் நம்மைப் போலவே. 'ஓஷுத்' என்றால் மருந்து, நம் ஔடதம்தான். டீ கொடுக்கும் மண் குவளையை ஏதோ மூக்கால் சொல்கிறார்கள், அதுவும் நம் பாண்டம்தான். வயதில் மூத்த ஆண் எவரும் 'தாதா'. அக்கா மகள் ஒரு பழக்காரரைத் தாதா என்று கூப்பிட்டதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்குக் கத்தி இருக்குமே. மூத்த அண்ணன் என்றுதான் பொருளாம்.

டிசம்பர் 14, ஞாயிறு: பிஸ்கட் டின்

ஆறரை மணிக்கே எழுப்பிவிட்டாள். "சித்தி, உனக்கு ஒரு மருந்துக் கடையைக் காட்டுகிறேன்."

கூட்டிக்கொண்டு போனது ஒரு டீக்கடைக்கு. கடை என்பதுகூட அதிகம்: நடைபாதையில் ஒரு நிலக்கரி அடுப்பு, ஒரு பலகை, மேலே நீலத் தார்ப்பாய். மண் குவளையில் இஞ்சி டீ 10 ரூபாய். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும், அவரும் குல்லா. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பாலைக் கிண்டிக்கொண்டே எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார்.

ஏழு மணி சுமாருக்கு ஒரு அம்மாள் வந்தார். மூன்று சேலையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியிருந்தார். கையில் ஒரு மூட்டை, அதற்குள் இன்னும் பல மூட்டை. தனக்குள் பேசிக்கொண்டே வந்து பலகையின் ஓரத்தில், எங்களைப் பார்க்காமல் உட்கார்ந்தார். கடைக்காரர் ஒரு குவளை டீயும் ஒரு துண்டு ரொட்டியும் வைத்தார். பிறகு பலகைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து, காகித உறை ஒன்றிலிருந்து ஒரே ஒரு மாத்திரையை அவர் உள்ளங்கையில் போட்டார். "மாஷி, முதலில் ரொட்டி" என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாள் ரொட்டி தின்றார், மாத்திரையைப் போட்டுக்கொண்டார், டீயைக் குடித்தார், குவளையைச் சாலையில் எறிந்து உடைத்தார், போனார். மாஷி என்றால் அம்மாவின் சகோதரி. நம் சித்தி.

எனக்கு முதலில் எழுந்தது எரிச்சல்தான், அதை மறைக்கப் போவதில்லை. 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42ஆம் பிரிவு நாங்கள் படிக்கும்போதே மனப்பாடம்: மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து வழங்குவது பதிவுபெற்ற மருந்தாளுநரின் வேலை. இங்கே ஒருவர் கரி படிந்த கையால், அடுப்புக்கு இரண்டடி தூரத்தில் வைத்த டின்னிலிருந்து மனநோய் மருந்து கொடுக்கிறார். "வெப்பத்தில் மருந்து கெட்டுப்போகும்" என்றேன். அக்கா மகள் மொழிபெயர்த்தாள். அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்து, டின்னை எடுத்து அடுப்புக்கு எதிர்ப்பக்கம் வைத்தார். பிறகு ஏதோ சொன்னார்.

"என்ன சொல்கிறார்?"

"'சரி, இதை மூன்று வருடத்துக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாமே' என்கிறார்."

மூன்று வருடம். ஒரு நாள் விடாமல், புயலுக்குக் கடை போடாத இரண்டு நாள் நீங்கலாக. அந்த இரண்டு நாளும் பக்கத்துப் பான் கடைக்காரரிடம் டின் போயிருக்கிறது. என் பதிவேட்டில் வீடு, குடும்பம், கைப்பேசி எண் எல்லாம் உள்ளவர்களில் மூன்று வருடம் விடாமல் மாத்திரை சாப்பிட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இது இவர் கண்டுபிடித்த வழி அல்ல. இந்த ஊரில் 2007இல் தொடங்கப்பட்ட ஈஸ்வர் சங்கல்பா என்ற அமைப்பு, 'நயா தௌர்' என்ற திட்டத்தில் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. தெருவில் வாழும் மனநோயாளியை வண்டியில் அள்ளிக்கொண்டுபோய் அடைப்பதில்லை. அவர் இருக்கும் தெருவிலேயே, அவரை ஏற்கெனவே அறிந்த டீக்கடைக்காரரையோ கடைக்காரரையோ பராமரிப்பாளராகப் பிடிப்பார்கள். மருத்துவரும் சமூகப்பணியாளரும் தெருவுக்கே வருவார்கள். அக்கா மகள் பயிற்சி பெறும் இடம் வேறு, சிறியது. பெயரைப் போடாதே என்றாள், போடவில்லை.

மதியம் லேக் மார்க்கெட் பக்கம் போனோம். தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் பகுதி. காபித்தூள் வாசனை வந்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது. மாலையில் ஈச்ச வெல்லம் மணக்கும் சந்தேஷ் என்ற பால் இனிப்பு. அந்தப் புது வெல்லம் குளிர்காலத்தில் மட்டும்தானாம். நான் ஒன்றே ஒன்று, சத்தியமாக ஒன்றே ஒன்று சாப்பிட்டேன். மெட்ஃபார்மினை நேற்றுதான் மறுபடி தொடங்கியிருக்கிறேன்.

டிசம்பர் 15, திங்கள்: இரவு நடை

இரவு ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை நடந்திருக்கிறோம். ஒரு செவிலியர், ஒரு சமூகப்பணியாளர், அக்கா மகள், நான். அக்கா வரமாட்டேன் என்றாள். வாசலில் நின்று, "போர்த்திக்கொண்டு போங்கள்" என்றாள்.

சியால்தா ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருக்கள். இவ்வளவு பேர் ஒரே வரிசையில் படுத்திருப்பதை நான் பார்த்ததில்லை. தலையிலிருந்து கால் வரை போர்த்தியிருப்பதால் முதலில் துணி மூட்டைகள் என்றே தோன்றும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28ஆம் தேதி ஒரே இரவில் நாடு முழுவதும் வீடற்றவர்களை எண்ணினார்கள்: 17.73 லட்சம் பேர். அன்றும் இப்படித்தான் போர்வையை விலக்கி எண்ணியிருப்பார்களா, அல்லது மூட்டை என்று நினைத்து எத்தனை பேரைக் கடந்து போனார்களோ.

செவிலியர் யாரையும் எழுப்புவதில்லை. விழித்திருப்பவர்கள் பக்கத்தில் போய்க் குந்துகிறார், 'சாப்பிட்டாயா' என்கிறார். நோயைப் பற்றி முதலில் கேட்பதே இல்லை. நான் பொறுமையிழந்து பையைத் திறக்கப் போனபோது கண்ணால் தடுத்தார்.

ஒரு பெரியவருக்குக் குதிகாலில் புண். சர்க்கரை நோயாளி. செவிலியர் கட்டை அவிழ்த்தார், நான் கைவிளக்கைப் பிடித்தேன். பகலில் எங்கே கழுவுகிறீர்கள் என்று கேட்டால் தெருக்குழாயைக் காட்டினார். இந்த ஊரில் சாலை கழுவுவதற்காகச் சுத்திகரிக்காத ஆற்று நீர் வரும் குழாய்கள் தெருவோரத்தில் உண்டு. நல்ல தண்ணீர்க் குழாய் இன்னும் இருநூறு அடி தள்ளி இருக்கிறதாம். அந்தக் காலோடு இருநூறு அடி. போனாலும் திரும்பி வருவதற்குள் படுக்கும் இடம் போய்விடும் என்றார். இன்சுலின் எழுதலாமே என்று வாய்வரை வந்தது. எங்கள் ஊரில் குளிர்பெட்டி இல்லாதவர்களுக்கு, மண்பானையில் ஈர மணல் போட்டு அதற்குள் வை என்று சொல்லி அனுப்புவேன். இவரிடம் பானை இல்லை. பானை இருந்தால் வைக்க இடம் இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்து ஒரு பெண். எனக்கு ஐந்தாறு வயது இளையவளாக இருக்கலாம், பார்க்கப் பத்து வயது மூத்தவள். இரத்த அழுத்தம் 180ஐத் தாண்டியிருந்தது. மாத்திரை இருக்கிறது, ஆனால் சாப்பிடுவதில்லை. செவிலியருக்குக் காரணம் தெரியும், எனக்காக மறுபடி கேட்டார். அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள்: அது சிறுநீர் பிரிக்கும் மாத்திரை. கட்டணக் கழிப்பறை இரவில் பூட்டிவிடும். இருட்டில் தனியாக ஒதுங்கப் போக அவளுக்குப் பயம். அதனால் மாத்திரையையும் நிறுத்தினாள், மாலைக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினாள். மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாற்றப் போகிறார்கள். அம்லோடிபைன்தான், என் பையில் இருந்த அதே மருந்து.

இருபத்தாறு வருடத்தில் 'காலையில் ஒன்று' என்று லட்சம் முறையாவது சொல்லியிருப்பேன். கழிப்பறை இருக்கிறதா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவதில் என்ன கஷ்டம் என்று ஓர் இளைஞனிடம் கேட்டேன். காய்கறி மண்டியில் சுமை தூக்குகிறான், மூன்று வாரமாக இருமல். சிரித்தான். மண்டியில் வேலை அதிகாலை மூன்றுக்குத் தொடங்கும். புறநோயாளி வரிசை காலையில். ஒரு நாள் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போகும். சளிப் பரிசோதனைக்கு ஒரு நாள், முடிவு வாங்க இன்னொரு நாள். அதுவரை மூட்டையை யார் பார்த்துக்கொள்வது? மருத்துவம் இலவசம் என்று நாங்கள் சொல்வதெல்லாம் அவன் கணக்கில் இரண்டு நாள் கூலியும் ஒரு போர்வையும். செவிலியர் அங்கேயே சளிக்குப்பியைக் கொடுத்தார்.

காசநோயாக இருந்தால் ஆறு மாத மருந்து. ஊட்டச்சத்துக்காக அரசு தரும் தொகை 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். நல்ல திட்டம், நானே பலருக்குப் பதிந்து கொடுத்திருக்கிறேன். ஆனால் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். அவனிடம் கணக்கு இருக்கிறதா என்று கேட்டேன். ஊரில் அண்ணன் பெயரில் இருக்கிறதாம்.

நடைபாதை நெடுக ஒரு விஷயத்தைக் கவனித்தேன். சீட்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் பால் உறைக்குள் மடித்து, இடுப்பிலோ ரவிக்கைக்குள்ளோ வைத்திருக்கிறார்கள். ஒருவர் 2019ஆம் ஆண்டுச் சீட்டைக் காட்டினார். மடிப்பில் கிழிந்து நான்கு துண்டு, நான்கும் பத்திரம். நான் என் சீட்டைத் தலையணைக்கு அடியில் விட்டுவிட்டு இறங்கினவள்.

திரும்பியபோது ஒரு மணி. அக்கா தூங்கவில்லை. சோறும் ரசமும் சுடச்சுட இருந்தது. மகளைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் அப்பளம் பொரித்துப் போட்டாள்.

டிசம்பர் 16, செவ்வாய்: காளிகாட்

மார்கழி ஒன்று. அக்காவுக்குக் கோலம் போட வாசல் இல்லை, மூன்றாவது மாடி. கதவுக்கு வெளியே ஒரு சாண் இடத்தில் சாக்பீஸால் நான்கு புள்ளி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காளிகாட் போகாதீர்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். தரிசனத்துக்குக் கூட்டிப்போகும் 'பாண்டா' என்ற கோயில் பூசாரி ஒருவர் 500 ரூபாய் கேட்டு, 100 ரூபாய்க்கு இறங்கி, கடைசியில் கூட்டத்தில் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். காளியின் மூன்று கண்களை ஒரு விநாடி பார்த்தேன். அக்கா முன்னால் நின்றவரின் குல்லாவைப் பார்த்தாள்.

கோயிலை ஒட்டியே அன்னை தெரசா 1952இல் தொடங்கிய நிர்மல் ஹிருதய். தெருவில் சாகக் கிடந்தவர்களுக்கான இல்லம். வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வந்தோம். எனக்கு அதைவிட, வழியில் அக்கா மகள் சொன்ன இன்னொருவர் கதைதான் மனதில் நின்றது. ஜாக் ப்ரெகர் என்ற ஆங்கிலேயர். வேல்ஸில் விவசாயம் செய்துகொண்டிருந்தவர், நடுவயதில் மருத்துவம் படித்து வங்கதேசம் போய், அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, 1979இல் இந்த ஊரின் நடைபாதையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். மிடில்டன் ரோ என்ற தெருவில் தார்ப்பாய்க்கு அடியில் அவருடைய மருத்துவமனை பல வருடம் நடந்தது. கல்கத்தா ரெஸ்க்யூ என்ற அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான். சாகிறவர்களுக்கு இடம் கொடுப்பது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் இருமலும் சொறியும் காய்ச்சலுமாக வரிசையில் நிற்கிறவர்களைச் சாகிற கட்டத்துக்கு முன்பே பார்ப்பது சலிப்பான வேலை. அந்தச் சலிப்பு எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

டிசம்பர் 17, புதன்: மறுபடி ரயில்

காலையில் பிஸ்கட் டின்னைப் பார்க்கப் போனேன், தனியாக. டின் அடுப்புக்கு எதிர்ப்பக்கமே இருந்தது. டீக்குக் காசு வாங்க மறுத்தார். பலகையில் 10 ரூபாயை வைத்துவிட்டு வந்தேன். கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திட்டினார். என்ன திட்டு என்று தெரியவில்லை.

ரயிலில் மாத்திரை என் இடுப்பில்தான் இருந்தது. பால் உறையில்.

டிசம்பர் 20, சனி: ஊர்

பயணம் முடிந்த பிறகும் ஒரு பதிவு எழுத வேண்டியிருக்கிறது.

போன ஆடியில் எங்கள் நிலையத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். பேருந்து நிலையத்தில் படுப்பவர், இரத்த அழுத்தம். முப்பது நாள் மாத்திரை கொடுத்தேன். ஐந்தாம் நாள் வந்து நின்றார், பையோடு திருடுபோய்விட்டதாம். மறுபடி முப்பது கொடுத்தேன். எட்டாம் நாள் மழையில் நனைந்துவிட்டது என்று வந்தார். அன்று வரிசையில் அறுபது பேர். "மாத்திரையை வெளியே விற்கிறீர்களா?" என்று கேட்டேன், எல்லோர் காதிலும் விழும்படி. பிறகு அவர் வரவில்லை. பதிவேட்டில் 'தொடரவில்லை' என்று எழுதினேன், என் கையெழுத்தில்.

எங்களிடம் திட்டம் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. எங்கள் பகுதித் தன்னார்வலர் சுறுசுறுப்பான பெண், ஒரு வீட்டை விடமாட்டாள். நேற்று அவளிடம் பேருந்து நிலையப் பெரியவரைப் பற்றிக் கேட்டேன். பட்டியலைத் திறந்து காட்டினாள். முதல் கட்டம் கதவு எண். "இதில் என்ன எழுதுவது, அம்மா?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை.

இன்று மதியம் வேலை முடிந்து இருவரும் பேருந்து நிலையத்துக்குப் போனோம். பெரியவர் மூன்றாம் நடைமேடையில் இருந்தார், என்னைப் பார்த்ததும் எழுந்து எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினார். துரத்தவில்லை. தன்னார்வலர் போய்ப் பேசினாள். நான் டீக்கடையில் நின்றேன். கடைக்காரருக்கு அவரைத் தெரியும். தினமும் காலை முதல் டீ அவருக்குத்தானாம், கணக்கு வைப்பதில்லையாம். நான் விஷயத்தைச் சொன்னேன். வாரத்துக்கு ஏழு மாத்திரை மட்டும் தருகிறேன், காலை டீயோடு ஒன்று கொடுத்தால் போதும், ஏழு நாளுக்கு ஒருமுறை இந்தப் பெண் வந்து அழுத்தம் பார்ப்பாள். இதற்காகப் பட்டையை வெட்டினால் காலாவதித் தேதி ஒரு துண்டில் மட்டும்தான் இருக்கும், அதனால் உறையில் எழுதித் தருகிறேன் என்று வேறு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பாதியில் நிறுத்தினார்.

"கொடுக்கிறேன், அக்கா. ஆனால் ஒரு நாள் அவர் டீ குடிக்க வரவில்லை என்றால், நான் யாரிடம் சொல்ல வேண்டும்?"

என் கைப்பேசி எண்ணைச் சொன்னேன். மாவுத்தூள் படிந்த சுவரில், பால்காரர் கணக்குக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். மாத்திரைக்கு ஒரு டப்பா மட்டும் நானே வாங்கித் தர வேண்டுமாம். அவரிடம் இருப்பதெல்லாம் வர்க்கி டப்பா, எறும்பு வரும்.